சட்டைப் பையில் இருந்த காட்டர் பின்

உலைக்குள் பார்க்கும் துளையில் கண்ணை வைக்கக் குனிந்தபோதுதான் அது விழுந்தது. முதலில் சட்டைப் பையிலிருந்து பேனா சரிந்தது. அதன் பின்னாலேயே சிமென்ட் தரையில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். பேனாவை எடுத்துக்கொண்டு நிமிரப்போன தேவநாதன், காலடியில் மின்னிய இரும்புத் துண்டைப் பார்த்ததும் பாதிக் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

ஒரு காட்டர் பின். இரண்டு கால்களும் ஒட்டியபடி, இன்னும் விரிக்கப்படாமல், கடையில் வாங்கிய மினுமினுப்போடு கிடந்தது.

எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கை வியர்த்தது. உலை வாசலில் நிற்கிறவனுக்கு எப்போதும் வியர்க்கத்தான் செய்யும். இது வேறு வியர்வை, சில்லென்று இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று ஐந்து. பூர்ணிமா பத்தரைக்கே கிளம்பியிருப்பாள்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கிறது அந்தக் கம்பெனி. அங்கே பியூஸ் கட்டைகள் சுடுகிற உலைக்கு இருபத்தாறு வருஷமாகத் தேவநாதன்தான் பொறுப்பு. ஒரு பர்னரை அணைத்தால் மூன்று முறை தொட்டுப் பார்ப்பார். கேஸ் வால்வை மூடிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடியும் பார்ப்பார். உலைக்கு அது நல்லதுதான், வீட்டில்தான் தொல்லை. ஒருமுறை திருச்சியில் ஒரு விசேஷத்துக்குப் போகும் வழியில், வேப்பூரில் இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து வீட்டுக்குத் திரும்பி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். பூட்டு பூட்டியபடியேதான் இருந்தது. அவருடைய சந்தேகங்கள் எல்லாம் அப்படித்தான் முடியும். தெருவே அதைச் சொல்லிச் சிரிக்கும். அவர் மனைவி பூர்ணிமா இப்போதெல்லாம் சிரிப்பதுகூட இல்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் "மூடியாச்சு" என்று சொல்லிவிடுவாள்.

இதுவரை வந்ததெல்லாம் வெறும் சந்தேகம். இன்று கையில் பொருள் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் கடலூரில் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய எழுபத்தொன்றாம் வருஷத்துப் பியட் கார் அவருடையது. பால் வெள்ளை நிறம். கியர் கம்பி ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். வாங்கியது அவர் என்றாலும் அதிகம் ஓட்டியது பூர்ணிமாதான். நாற்பத்தாறு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டு, மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதிலேயே போய்வர ஆரம்பித்தாள். தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பொண்ணு மாப்பிள்ளை போக அந்தக் காரைத்தான் கேட்பார்கள். இன்றைக்குப் பக்கத்து வீட்டுத் தங்கம்மாளின் மகள் கனிமொழிக்குக் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம். "காரை அக்காதான் ஓட்டணும்" என்று பொண்ணு பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். தாலி கட்டி, சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேரையும் சேத்தியாத்தோப்பில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்.

இரண்டு மாதமாகவே அந்தக் காரில் கியர் மாற்றும்போது 'கறகற'வென்று பல் உரசிற்று. தேவநாதன் காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"கிளட்ச் மேல காலை வெச்சிக்கினே ஓட்டுற நீ. அதான்."

"வெக்கலங்க."

"வெக்காம எப்பிடி தேயும்?"

அதற்குப் பிறகு அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்ட ஆரம்பித்தாள். கால் எங்கே இருக்கிறது என்று தெரியட்டும் என்று. அப்படியும் சத்தம் நிற்கவில்லை. போன மாதம் ஒருமுறை அவரே நட்டைத் திருகிச் சரிசெய்தார். பத்தே நாளில் பழைய கதை. கல்யாணத்தன்றைக்கு மானம் போகக் கூடாது என்று நேற்று ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், முன் சக்கரங்களை இரண்டு சாய்வுப் பலகைகளில் ஏற்றிவிட்டுக் கீழே புகுந்தார்.

கிளட்ச் வேலை ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. பெடலை மிதித்தால் அது ஒரு கம்பியைத் தள்ளும். அந்தக் கம்பி கியர்பாக்ஸ் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு இரும்புக் கையை அசைக்கும். கை அசைந்தால் கிளட்ச் விடும். கம்பியும் கையும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குறுக்கு ஆணி. ஆணி நழுவாமல் இருக்க அதன் முனைத் துளையில் காட்டர் பின்னைச் செருகி, அதன் இரண்டு கால்களையும் ஆளுக்கொரு பக்கமாக மடக்க வேண்டும். அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் வண்டி அதிர அதிர ஆணி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். வந்து ஒரு நேரத்தில் விழும். விழுந்தால் பெடல் பெடலாக இருக்காது.

நேற்று ஆணியைக் கழற்றும்போது பழைய காட்டர் பின் இரண்டாக உடைந்தது. ஆணி போகும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து கிடந்தது. வாங்கிய நாளிலிருந்து அதற்கு யாரும் கிரீஸ் வைத்ததில்லை. அதாவது அவர் வைத்ததில்லை. துடைத்து, கிரீஸ் பூசி, ஆணியை மாட்டினார். நட்டைத் திருகி, பெடலை விரலால் அழுத்தினால் ஒரு இஞ்ச் சும்மா போய் அதற்கப்புறம்தான் கனம் தெரியும்படி வைத்தார். லாக் நட்டை இறுக்கினார். புதுக் காட்டர் பின்னைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது. உலையிலிருந்து அவருடைய உதவியாள் கொளஞ்சியப்பன்.

"அண்ணே, மூணாவது பர்னர் நின்னுபோச்சு. சூடு எறங்கிக்கினே இருக்குது. உடனே வாங்க."

தொலைந்துவிடக் கூடாதே என்று பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்.

உலையில் இரண்டு மணி நேரம் ஆனது. அந்தக் களேபரத்துக்கு நடுவில் பூர்ணிமா போன் செய்து "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அவள் கேட்டது காரை. அவர் சொன்னது பர்னரை. "முடிஞ்சுது" என்றார். பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது, காரைப் பலகையிலிருந்து இறக்கிக் கழுவி, ஸ்பேனர்களை எல்லாம் எடுத்து வைத்திருந்தாள். அவர் ஏறி உட்கார்ந்து பெடலை அழுத்திப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி இருந்தது. தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, மனநிறைவோடு சாப்பிட்டுத் தூங்கினார். காலையில் அதே கம்பெனிச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார்.

எதையும் மூன்று முறை பார்க்கிற மனிதர் இதை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

"என்னாண்ணே, ஒரு மாதிரி நிக்கிறீங்க?" என்று கொளஞ்சியப்பன் பக்கத்தில் வந்தான்.

தேவநாதன் கையை விரித்துக் காட்டினார். "காரு கிளட்ச்சுக்குப் போட வேண்டியது..." என்றார். அவன் பாதி புரிந்து பாதி புரியாமல், "வேற ஒண்ணு போட்டிருப்பீங்கண்ணே. உங்களுக்கு எப்பவும் இதே வேலைதான்" என்றான்.

"வாங்குனதே ஒண்ணுதான்டா."

அவன் முகம் மாறியது. "அண்ணி ஓட்டிக்கினு போயிருக்காங்களா? நீங்க கெளம்புங்க. உலைய நான் பாத்துக்குறேன். மேனேஜருகிட்ட சொல்லிக்கலாம்."

வெளியே வந்து மரத்தடியில் நின்ற தன் டி.வி.எஸ். வண்டியில் சாய்ந்தபடி பூர்ணிமாவின் எண்ணை அழுத்தினார். மணி போனது. முழுசாகப் போய் நின்றது. மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதே. வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று அவளுக்குச் சட்டம் போட்டவரே அவர்தான். அவள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தாள்.

தங்கம்மாளைக் கூப்பிட்டார். நாதஸ்வரமும் பாத்திரச் சத்தமுமாக இருந்தது. அவர்கள் இன்னும் கோயில் மண்டபத்தில்தான் இருந்தார்கள்.

"தங்கம்மா, கார் போயிடுச்சா?"

"அது போயி அரை மணி நேரம் ஆவுதுண்ணே. எங்க வேன் இப்பத்தான் வருது. ஏன், கேஸ் மூடுனாங்களான்னு கேக்கணுமா?" என்று சிரித்தாள். பக்கத்திலிருந்தவர்களும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இல்ல தங்கம்மா, கிளட்ச்சு..."

"என்னா? கேக்கலியே. அக்கா பத்தரமா ஓட்டுவாங்கண்ணே, நீங்க பயப்படாதீங்க." போன் அணைந்தது.

பெற்றவளிடம் இதற்கு மேல் என்னவென்று சொல்வது? உன் மகள் உட்கார்ந்து போகிற வண்டியில் ஆணி கழன்றுகொண்டிருக்கிறது என்றா? அவர் பின்னைப் பையில் போட்டு, பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, உலையில் வைத்திருக்கும் டூல்ஸ் பையைக் கால் அருகே வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த டி.வி.எஸ். எவ்வளவு முறுக்கினாலும் நாற்பத்தைந்துக்கு மேல் போகாது. ஊரைத் தாண்டும் வரை லாரிகளும் பஸ்களும் அவரை ஓரத்துக்குத் தள்ளின. தை மாத வெயில் அவ்வளவாகச் சுடவில்லை. இரண்டு பக்கமும் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அவருக்கு எதுவும் கண்ணில் படவில்லை. ரோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். எங்காவது அந்த ஆணி கிடக்கிறதா என்று பார்த்தார். கிடந்தால் என்ன அர்த்தம் என்று நினைத்ததும் பார்க்காமல் இருக்க முயன்றார். முடியவில்லை. தூரத்தில் பளபளத்தவை எல்லாம் பக்கத்தில் போனால் பிஸ்கட் உறையாகவும் பாட்டில் மூடியாகவும் இருந்தன.

மனம் கணக்குப் போட்டபடியே வந்தது. கிரீஸ் ஒட்டியிருக்கும், அவ்வளவு சீக்கிரம் நழுவாது. ஆனால் துளை தேய்ந்திருக்கிறது, ஆணி லூசாகத்தான் இருக்கும். மேலேயிருந்து கீழாக மாட்டினோமா, கீழேயிருந்து மேலாகவா? மேலேயிருந்து என்றால் தலை தாங்கும், விழாது. கண்ணை மூடி அந்த இடத்தை நினைத்துப் பார்க்க முயன்றார். எதிரே வந்த பஸ்ஸின் ஹாரன் திறக்க வைத்தது. ஆணி படுக்கையாகத்தான் போகும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேலும் இல்லை, கீழும் இல்லை. தாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

பாதி தூரம் தாண்டியிருப்பார். முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. இரண்டு லாரி, ஒரு பஸ், அதற்கு முன்னால் ஆட்கள் கூட்டமாக ரோட்டில். தேவநாதன் வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டியை வரிசையின் ஓரமாகவே விட்டுக்கொண்டு போனார். மண்ணில் சக்கரம் சறுக்கியது. கிட்டப் போய்ப் பார்த்தால், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டரின் டிரெய்லர் ஒரு பக்கம் சாய்ந்து, பாதிக் கரும்பு ரோட்டில் கொட்டிக் கிடந்தது. ஆட்கள் அள்ளிக்கொண்டிருந்தார்கள். கார் எதுவும் இல்லை.

"அப்பாடா" என்று மூச்சு விடப்போனவர் கீழே பார்த்தார். கொட்டிய கரும்புக்குக் கொஞ்சம் முன்னால், தார் ரோட்டில் சாமந்திப் பூக்கள் நசுங்கிக் கிடந்தன. ஒரு முழத்துக்கு மாலை நார் சக்கரத்தடத்தோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் கறுப்பாக இரண்டு கோடுகள், பிரேக் போட்ட தடம்.

கரும்பு அள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போனார். கேள்வி பாதியில் நின்றது. "இங்க... கல்யாணக் காரு..."

"வெள்ளைக் காரா? ஒரு அம்மா ஓட்டிக்கினு வந்துச்சே?"

"அதான். அதான். என்னா ஆச்சு?"

"டிராக்டரு சாஞ்சு நின்னுச்சில்ல, பின்னாலயே வந்து அடிச்சிடும்னு நெனச்சோம். ஒரு சாண் இருக்க நின்னுடுச்சு. அப்பறம் தவளை மாதிரி குதிச்சுக் குதிச்சுப் போவுது அது. மாப்பிள்ளை சன்னல்ல தலையை நீட்டி, துண்டை ஆட்டிக்கினே 'வழி வுடுங்க, வழி வுடுங்க'ன்னு கத்திக்கினு போறாரு." அவள் சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "யாருக்கும் ஒண்ணும் இல்லீங்க. போயிட்டாங்க."

ஆக, விழுந்தேவிட்டது. இனிமேல் அதில் சந்தேகம் இல்லை. சந்தேகம் இல்லாமல் போவது இவ்வளவு மோசமாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. கிளட்ச் இல்லாத வண்டியை நிறுத்தினால் எஞ்சின் அணையும். அணையாமல் இருக்க வேண்டுமென்றால் நிறுத்தவே கூடாது. அவள் நிறுத்தாமல் போய்க்கொண்டிருக்கிறாள். முன்னால் சேத்தியாத்தோப்பு கூட்டு ரோடு இருக்கிறது, பஸ்கள் குறுக்கும் நெடுக்குமாக வந்து நிற்கும் இடம். மறுபடியும் போன் அடித்தார். எடுக்கவில்லை. ஓரமாகக் கிடந்த கரும்பைத் தாண்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி, அந்தப் பக்கம் ஏறி முறுக்கினார். அதற்கப்புறம் வந்த பதினைந்து கிலோமீட்டர் எப்படிப் போனது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. கூட்டு ரோட்டில் எல்லாம் வழக்கம்போல் இருந்தது. டீக்கடையில் பாட்டு ஓடியது. அதைப் பார்த்ததும்தான் கொஞ்சம் உயிர் வந்தது.

மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க வேண்டியதே இல்லை. தெருவை அடைத்துச் சாமியானா போட்டிருந்தது. பந்தலுக்கு முப்பதடி முன்னால், வைக்கோல் போரில் மூக்கைச் செருகியபடி நின்றது பால் வெள்ளைக் கார். பானெட்டில் பாதி மாலை இல்லை. கண்ணாடியில் வைக்கோல் விழுந்திருந்தது. தேவநாதன் வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினார்.

உள்ளே ஆரத்தி முடிந்து பொண்ணு மாப்பிள்ளைக்குப் பாலும் பழமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கனிமொழி அவரைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பந்தலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பூர்ணிமா உட்கார்ந்திருந்தாள். கையில் தண்ணீர் டம்ளர். குடிக்காமல் வைத்திருந்தாள். டம்ளரிலிருந்த தண்ணீர் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"பூர்ணிமா."

அவள் நிமிர்ந்தாள். "நீங்க எப்பிடி வந்தீங்க? யாரு சொன்னா?"

அவர் பதில் சொல்வதற்குள் அவளே பேச ஆரம்பித்தாள். "டிராக்டரு திடீர்னு நின்னுடுச்சுங்க. கிளட்ச்ச மிதிக்கிறேன், அது வெறுந்தகரத்த மிதிச்ச மாதிரி உள்ள போயிடுச்சு. வண்டி பாட்டுக்குத் தள்ளிக்கினே போவுது. பிரேக்கு மேல ஏறி நின்னுட்டேன். எஞ்சின் செத்துப் போயி நின்னுது. கரும்பு கண்ணாடிய தொடுற மாதிரி இருக்குது. பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரு சொல்லியிருந்தாரு, ரயில்வே கேட்டுல நின்னுபோனா கியர்ல போட்டு சாவியத் திருப்பு, வண்டி தானா நவுரும்னு. அப்பிடியே திருப்புனேன். குதிச்சுது, ஆனா எடுத்துக்குச்சு. அப்பறம் ஆக்சிலேட்டர வுட்டு, சத்தம் எறங்குற நேரமா பாத்து ரெண்டாவது கியர இழுத்தேன். வுழுந்துடுச்சு. அதுலயே வந்துட்டேன். இங்க பந்தலும் ஆளுங்களுமா இருந்துது, பிரேக்க மட்டும் நம்ப முடியல. அதான் வைக்கோல்ல..."

அவள் நிறுத்தினாள். சுற்றி நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா சக்கரபாணி, வேட்டியை மடித்துக் கட்டியபடி, "நல்ல நேரம், தப்பிச்சுது. பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்து, அதுலயும் பொண்ணு மாப்பிள்ளைய ஏத்தி அனுப்பலாமாங்க? நீங்க யோசிக்க வேணாமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. நியாயம் சொல்கிற தோரணைதான். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

பூர்ணிமா புடவை முந்தியில் முடிந்து வைத்திருந்த கார் சாவியை அவிழ்த்துத் தேவநாதனிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்னதுதாங்க நடந்துது. காலை வெச்சு வெச்சு நான்தான் அத ஒடச்சிட்டேன் போலருக்குது. வெக்கலன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். இனிமே நான் தொட மாட்டேன். ரெண்டு புள்ளைங்க உள்ள உக்காந்திருக்குதுங்க... ஏதாவது ஆயிருந்தா தங்கம்மா மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

சாவி அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் எதுவும் சொல்ல வேண்டியதே இல்லை. பழைய வண்டி, தேய்ந்த சாமான், விழுந்துவிட்டது என்றால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. அவள்கூடக் கேட்க மாட்டாள். அந்த நினைப்பு ஒரு நொடி வந்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டு அந்தப் பின்னை எடுத்தார்.

"நீ ஒடைக்கல" என்றார். கனைத்துக்கொண்டு சக்கரபாணிக்கும் கேட்கும்படி சொன்னார். "அவங்க மேல தப்பில்லீங்க. இத மாட்டாம வுட்டது நான். நேத்து சாயங்காலம் கைல எடுத்தேன். போன் வந்துச்சு. பையில போட்டுக்கினு போயிட்டேன். இது இல்லாம அனுப்பிட்டேன். அவங்க எடத்துல நான் ஓட்டியிருந்தா கரும்புக்குள்ள போயிருப்பேன்."

சக்கரபாணி பின்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தி பக்கம் யாரையோ கூப்பிட்டபடி நகர்ந்தார்.

பூர்ணிமா அதை வாங்கி விரல்களுக்கிடையில் உருட்டினாள். "முடிஞ்சுதான்னு கேட்டேனே?"

"நான் பர்னர சொன்னேன்."

"அப்போ அந்தக் கறகறப்பு? ரெண்டு மாசமா?"

"ஓட்டை தேஞ்சிருக்குது. கிரீஸ் வெக்காம வுட்டதுல தேஞ்சது. உன் காலு காரணமில்ல. நேத்தே பாத்தேன். சொல்லியிருக்கணும்."

"நேத்தே பாத்தீங்க." அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. "ரெண்டு மாசமா செருப்பில்லாம ஓட்டுறேங்க நான். மத்தியான வெயில்ல நிறுத்தி வெச்சா பெடலு கொதிக்கும். தெரியுமா உங்களுக்கு?"

அவள் எழுந்து போய்ப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குள் தங்கம்மாளின் வேனும் வந்துவிட்டது. விஷயம் காதில் விழுந்ததும் தங்கம்மாள் ஓடிவந்து பூர்ணிமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தேவநாதன் அவளிடமும் போய்ச் சொன்னார். "நீங்க போன்ல சொல்ல வந்தது இதானாண்ணே? நான் சிரிச்சேனே" என்று அவள் வாயில் கைவைத்துக்கொண்டாள். அவளாவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் திட்டவில்லை.

அவர் சாப்பிடவில்லை. கூட்டு ரோட்டுப் பக்கம் ஒரு டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆணிகள் போட்டிருந்த டப்பாவைக் கிளறி, அளவு சேர்கிற ஒன்றைத் தேடி எடுத்தார். இரண்டை ஒதுக்கிவிட்டு, மூன்றாவதைத் தன் சுண்டுவிரலோடு வைத்து அளந்து, கடைக்காரர் பொறுமை இழக்கும் வரை பார்த்தார். திரும்பி வந்து, நாலு பேர் பிடித்துத் தள்ளிக் காரை வைக்கோலிலிருந்து வெளியே எடுத்தபின், சாக்கை விரித்துக் கீழே புகுந்தார். கம்பி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இரும்புக் கையின் துளை ஓரத்தில் கிரீஸ் அப்படியே ஒட்டியிருந்தது. நேற்று அவர் விரலால் பூசிய தடம்கூடத் தெரிந்தது.

ஆணியை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வெறும் பாதம் இரண்டு வந்து நின்றன. பூர்ணிமா குனிந்து உட்கார்ந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தாள்.

"எங்க போடணும் அது? காட்டுங்க."

அவர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் கையை நீட்டி ஆணியின் முனையைத் தடவி, துளையைக் கண்டுபிடித்து, தன் கையிலேயே வைத்திருந்த பின்னைச் செருகினாள். கட்டிங் பிளேயரை வாங்கி, ஒரு காலை இந்தப் பக்கம், இன்னொரு காலை அந்தப் பக்கம் மடக்கினாள். இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"பெடல மிதிக்கிறேன். நீங்க பாருங்க" என்று எழுந்து போய் உள்ளே உட்கார்ந்தாள். கம்பி தள்ளியது, கை அசைந்தது, ஸ்பிரிங் இழுத்துத் திருப்பியது. இருபது முறை மிதித்தாள். ஒவ்வொரு முறையும் அவர் அந்த ஆணியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அது நகரவில்லை. "போதுமா?" என்று மேலேயிருந்து கேட்டாள். "இன்னும் அஞ்சு தடவ" என்றார். மிதித்தாள்.

அவர் புழுதியைத் தட்டியபடி எழுந்து வந்தபோது அவள் ஓட்டுநர் சீட்டிலேயே இருந்தாள். கையை நீட்டினாள். அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"நான் ஓட்டிக்கினு வரட்டுமா?" என்றார். "உனக்குக் கை இன்னும் நடுங்குது."

"நடுங்கட்டும். உங்க டி.வி.எஸ். யாரு கொண்டாருவாங்க? நீங்க பின்னால வாங்க."

கனிமொழி வாசலில் நின்று கையசைத்தாள். கார் ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. பின்னால் வந்த தேவநாதன் ஒவ்வொரு மாற்றத்தையும் காதால் எண்ணினார். பல் உரசும் சத்தம் இல்லை. அப்படியும் அவருக்கு மனம் அடங்கவில்லை. அந்த டிராக்டர் கடை ஆணி நல்ல இரும்புதானா? அவள் மடக்கியது போதுமா? காரின் பின்விளக்கு எரியும்போதெல்லாம் அவர் காலும் தானாகப் பிரேக்கைத் தேடியது.

வெயில் சாய்ந்திருந்தது. பாதி வழியில், ரோடு வளைகிற இடத்தில், கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் ஊர்ந்தது. பூர்ணிமா கையை வெளியே நீட்டிக் காட்டிவிட்டு, வேகம் எடுத்து அதைத் தாண்டிப் போனாள். தேவநாதனால் தாண்ட முடியவில்லை. எதிரே பஸ், அதன் பின்னால் இன்னொரு பஸ். கரும்புச் சுமை ரோட்டை முழுக்க மறைத்தது. முன்னால் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. காதைக் கூர்மையாக்கினார். டிராக்டர் சத்தம்தான் கேட்டது. ஒரு வழியாக இடம் கிடைத்துத் தாண்டியபோது எதிரே ரோடு காலியாக இருந்தது. காரைக் காணோம். கைப்பிடியை முழுக்க முறுக்கினார்.

வளைவு முடிந்ததும், ஒரு புளிய மரத்தடியில் அது நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பூர்ணிமா கதவைத் திறந்து வெளியே இறங்கி, நெற்றிக்கு மேல் கையை வைத்து வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலில் செருப்பு போட்டிருந்தாள். அவர் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தினார்.

"என்னா ஆச்சு? பெடலா?"

"பெடலுக்கு ஒண்ணும் இல்ல. உங்களத்தான் காணோம். இவ்ளோ நேரமா?"

அவர் காரணம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டாள். கார் ரோட்டில் ஏறியது. தேவநாதன் அவசரமாக வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு பின்னால் போனார்.